சமுதாய வானொலியில் பேசுவது மக்கள், வெட்டுவது யார்?

கழனிக்குரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்திவரும் சமுதாய வானொலி நிலையத்தில் நான்கு ஆண்டுகளாக நிகழ்ச்சிப் பொறுப்பாளராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நடந்த ஒரு சிறு நிகழ்வு என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால், இத்துறையில் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

நடவு நடந்துகொண்டிருந்த வயலொன்றின் வரப்பில் அமர்ந்து, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவிடம் 22 நிமிடங்கள் ஒலிப்பதிவு செய்தோம். நடவுப் பாட்டு இரண்டு பாடினார். பிறகு, கூலியை நெல்லாக மரக்காலில் அளந்து தந்த காலத்தைப் பற்றியும், இப்போது ஆள் கூட்டிச் செல்பவர் ஒவ்வொருவர் கூலியிலும் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பதைப் பற்றியும், இடையிடையே இருமிக்கொண்டு, யோசித்து யோசித்துச் சொன்னார். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் அதை 6 நிமிடமாகத் தொகுத்தார். இரண்டு பாட்டும் இருந்தன. இருமல் இல்லை, மௌனம் இல்லை, கூலியும் இல்லை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது என்பதால் நானும் ஒப்புதல் கையெழுத்திட்டேன். ஒலிபரப்பான மறுநாள் கடைத்தெருவில் அந்த அம்மாவைப் பார்த்தபோது, "குரல் என்னுதுதான் பாப்பா, பேசுனது நான் இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் பதிவேட்டில் அந்த நிகழ்ச்சிக்கு நேரே "மக்கள் பங்கேற்பு: ஆம்" என்றிருக்கிறது. நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூரில், உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக்கப்பட வேண்டும் என்ற அரசு நெறிமுறையின் நிபந்தனையை நாங்கள் எப்போதும் நிறைவேற்றிவிடுகிறோம். தொலைபேசியில் பாட்டுக் கேட்டுப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதால், அதை நிறைவேற்றுவது அப்படியொன்றும் கடினமாக இருந்ததில்லை.

என் ஐயங்கள் இவைதான். எதை வைப்பது, எதை நீக்குவது என்ற முடிவைப் பேசியவரிடமே கொடுக்க முடியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தொகுப்புப் பணியில் எப்படிப் பங்கெடுப்பார்கள்? தவறாக ஏதேனும் ஒலிபரப்பாகிவிட்டால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது அறக்கட்டளைதானே, அப்படியிருக்க அதிகாரத்தை மட்டும் பிரித்துக் கொடுப்பது முறையா? இவற்றோடு, ஆர்வத்தோடு வரும் தன்னார்வலர்கள் மூன்று மாதத்தில் காணாமல் போய்விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் பயணப்படியைத் தவிர வேறெதுவும் இல்லை.

---

கரைவலை

சகோதரிக்கு வணக்கம். நான் கடலோர நிலையம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் ஒலிப்பதிவும் தொகுப்பும் கற்றுக்கொடுத்தவன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படித் தொகுப்பார்கள் என்ற ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

கணினித் திரையில் ஒலி அலையாகத் தெரிகிறது. அதை வெட்டுவதற்கு எழுத்து தேவையில்லை, கண்ணும் காதும் போதும். மீன் உலர்த்தும் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, முதல் நாளே திரையைச் சுட்டிக்காட்டி, "இது மூச்சு, இது சிரிப்பு, இது இருமல்" என்று கேட்காமலே சொன்னார். இருமல் கூர்மையாக ஏறிச் சட்டென்று இறங்கும், சிரிப்பு வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகளாக வரும், மௌனம் தரையோடு தரையாகக் கிடக்கும் என்று அவரே பெயரும் வைத்துக்கொண்டார். கட்டளைகளின் பெயர்கள்தான் ஆங்கிலத்தில் இருந்து தொந்தரவு கொடுத்தன. நான்கு விசைகளின்மேல் நான்கு நிற ஒட்டுப் பொட்டுகளை ஒட்டிவிட்டோம், அதோடு அந்தத் தொந்தரவு தீர்ந்தது. இரண்டு வாரத்தில் அவர் எங்கள் கல்லூரி மாணவர்களைவிடச் சுத்தமாக வெட்டினார். ஒரு வேறுபாடு என்னவென்றால், மாணவர்கள் மௌனத்தைக் கண்ட இடத்திலெல்லாம் நீக்கினார்கள், இவர் நீக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவனைப் பற்றிப் பேசும்போது அந்த இடத்தில் மௌனம் இருக்கத்தானே வேண்டும் என்றார்.

தன்னார்வலர்கள் நிலைக்காததற்குப் பணம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர், கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேட்டி எடுத்துவந்து கொடுத்துவிட்டு, அது என்னவாயிற்று என்றே தெரியாமல் வீடு திரும்பியவர்கள். கடைசிவரை கூட இருக்க இடம் கிடைத்தவர்கள் நின்றார்கள். ஆனாலும் வலை பின்னும் கூலியையும் அன்றைய ஏலத்தையும் விட்டுவிட்டு வருகிறவருக்குப் பயணப்படி மட்டும் கொடுப்பது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2024இல் திருத்தப்பட்ட நெறிமுறைப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 நொடிக்கு 74 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. வருகிற சிறு தொகையில் ஒரு பங்கு, நிகழ்ச்சி செய்தவருக்கு என்று அறக்கட்டளையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சிறிய தொகைதான் என்றாலும், வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்.

---

படச்சுருள்

நீங்கள் கேட்டிருப்பது புதிய கேள்வி அல்ல. 1977இல் யுனெஸ்கோ பெல்கிரேடில் நடத்திய கூட்டத்திலேயே, ஊடகத்தை மக்கள் அணுக முடிவது, அதில் பங்கேற்பது, அதைத் தாங்களே நிர்வகிப்பது என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பேசியிருக்கிறார்கள். உங்கள் பதிவேடு முதலாவதை அளந்துவிட்டு அதற்கு இரண்டாவதின் பெயரை எழுதிவைத்திருக்கிறது.

பேசியவரிடமே முடிவைக் கொடுக்க முடியுமா என்பதற்கு, 1967இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவில் நடந்ததைச் சொல்கிறேன். மீன்பிடித் தொழில் நலிந்து, அரசே மக்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கத் திட்டமிட்டிருந்த நேரம் அது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணிகளை நடத்திவந்த டான் ஸ்னோடனோடு சேர்ந்து அங்கே போய், ஒரே ஆவணப்படமாக எடுக்காமல், ஒரு மனிதர் அல்லது ஒரு நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்தார். படத்தில் பேசியவர்களுக்கு முதலில் போட்டுக்காட்டி, வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதியை நீக்க உரிமை கொடுத்துவிட்டுத்தான் வெளியாட்களுக்குக் காட்டினார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத ஊர்கள், பக்கத்து ஊர்க்காரர் திரையில் பேசியதைப் பார்த்துத் தங்கள் குறையும் அதுவே என்று கண்டுகொண்டன. படங்களைப் பார்த்த மீன்வளத் துறை அமைச்சர் தம் பதிலையும் படமாகப் பதிவு செய்து தீவுக்கு அனுப்பினார். பிறகு தீவினர் கூட்டுறவு அமைப்பு தொடங்கி, படகு கட்டி, அங்கேயே தங்கிவிட்டார்கள். படங்கள்தான் தீவைக் காப்பாற்றின என்று சொல்வது மிகை. கூட்டுறவு பற்றிய பேச்சு அங்கே முன்பே இருந்தது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த நீக்கும் உரிமையை மட்டும்.

ஆனால் கவனியுங்கள், அங்கேயும் படக்கருவி வெளியாட்களின் கையில்தான் இருந்தது. கருவியும் கைமாறிய இடம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரம். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்த தலித் பெண்கள், கூலி வேலைக்கும் சிறுதானியச் சாகுபடிக்கும் நடுவே வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டபோது, படக்கோணங்களுக்குத் தங்கள் பெயரையே வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது பட்டேல் ஷாட், ஏனென்றால் நிலக்கிழார் அப்படித்தான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமை ஷாட். இருவரும் ஒரே மட்டத்தில் இருந்து பார்ப்பது சங்கம் ஷாட். சங்கக் கூட்டங்களில் எல்லோரும் தரையில் ஒன்றாக அமர்வதால் அந்தப் பெயர். எந்தத் திரைப்படக் கல்லூரியும் இவ்வளவு தெளிவாகக் கோணத்தைக் கற்பித்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

அதே பெண்கள் வானொலிக்கான கலையகத்தை யுனெஸ்கோ உதவியோடு 1990களின் இறுதியிலேயே அமைத்துக்கொண்டார்கள். உரிமம்தான் கிடைக்கவில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், நிகழ்ச்சிகளை நாடாக்களில் பதிந்து ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுவந்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கேட்டுத் திருத்தும் பழக்கம் அவர்களுக்குப் பத்தாண்டு பழையதாகிவிட்டிருந்தது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழியும் அதுதான். ஒலிபரப்புக்கு முன்பு அதே வரப்பில், அதே ஆட்களுக்கு ஒருமுறை போட்டுக்காட்டுங்கள். அதற்குக் கைப்பேசியும் சிறு ஒலிபெருக்கியும் போதும்.

---

விதிநூல்

சட்டப் பொறுப்பு பற்றிய ஐயத்துக்கு என் பதில். உரிமம் அமைப்புக்குத்தான் வழங்கப்படுகிறது, ஊருக்கு வழங்கப்படுவதில்லை. இந்தக் குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்கில், தீர்ப்பளித்தது. ஆனால் 2002 இறுதியில் வந்த முதல் கொள்கை, அந்தப் பொதுச்சொத்தைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே திறந்துவிட்டது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் விண்ணப்பிக்க 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும், பதிவு பெற்று மூன்றாண்டுகள் செயல்பட்டிருக்கும் அமைப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நிலத்தில் வேலை செய்கிறவர்கள் உரிமம் பெறத் தாங்களே ஒரு சங்கமாகப் பதிந்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், அல்லது உங்கள் அறக்கட்டளை போன்ற ஒன்றின் தயவில் பேச வேண்டும்.

இதற்குள் என்ன செய்யலாம்? ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழு ஒன்று ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும் என்பதும், அதில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் இப்போதைய நெறிமுறை. பெரும்பாலான நிலையங்களில் அது ஆண்டுக்கு இருமுறை தேநீர் குடிக்கும் குழு. அந்தக் குழுவின் தீர்மானமாகவே, பேசியவர் கேட்டு ஒப்புக்கொள்ளாத தொகுப்பு ஒலிபரப்பாகாது என்று எழுதிவையுங்கள். அறக்கட்டளை தன் பொறுப்பிலிருந்து விலகுவதாக இதற்குப் பொருள் இல்லை. அவதூறு, மத மோதலைத் தூண்டுவது போன்றவற்றை நிறுத்தும் அதிகாரம் அதனிடமே இருக்கட்டும். ஆனால் அப்படி நிறுத்தும்போது காரணத்தை எழுதிப் பேசியவரிடம் படித்துக்காட்ட வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்துவைக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. வெட்டிய துண்டுகளையும் அதே காலத்துக்கு வைத்திருந்தால், நாளை யாராவது கேட்டால் காட்டலாம்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஆகாசவாணிச் செய்திகளை மறு ஒலிபரப்புச் செய்வதைத் தவிர, செய்தியும் நடப்பு அரசியலும் சமுதாய வானொலிக்கு இன்றும் அனுமதிக்கப்படவில்லை. இந்தத் தடையை நான் ஏற்கவில்லை. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஊர்ச் செய்தியைக் காணொளியாக உலகுக்கே போட முடிகிற காலத்தில், 100 வாட் ஒலிபரப்பியை மட்டும் கண்டு அஞ்சுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் அந்த அம்மா சொன்னது செய்தி அல்ல. தன் வேலை, தன் கூலி பற்றிய சொந்த அனுபவம் அது. ஆள் கூட்டிச் செல்பவரின் பெயரைச் சொல்லியிருந்தால் பெயரை மட்டும் நீக்கியிருக்கலாம், பேச்சையே நீக்கியிருக்க வேண்டியதில்லை.

---

தேயிலைச்சரிவு

இலங்கையின் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய அனுபவத்தையும் சேர்த்துக்கொள்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட மக்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் தயாரிப்பாளர்கள் ஒரு கிராமத்துக்குப் போனால் ஒலிப்பதிவுக் கருவியை உடனே வெளியே எடுக்கமாட்டார்கள். சில நாட்கள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, வேலையில் கூடமாட நின்று, மக்கள் தங்கள் இயல்பில் பேசத் தொடங்கிய பிறகுதான் பதிவு செய்வார்கள். வரப்பில் ஒரே அமர்வில் 22 நிமிடம் எடுத்ததிலேயே அந்த அம்மா கூலியைப் பற்றிப் பேசினார் என்றால், அவர் உங்களை முன்பே நம்பியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கைதான் தொகுப்பில் வெட்டுப்பட்டது.

1989இல் நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலை வானொலி வந்தது. 1999இலிருந்து அங்கே, நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அதை அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பிலேயே விளக்கிச் சொல்லும் நிகழ்ச்சியும் நடந்தது. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஆனால் நிலையம் அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேதான் இருந்தது. கிராமத்தில் எவ்வளவு நாள் தங்கினாலும், எது ஒலிபரப்பாகலாம் என்பதை நிர்ணயிக்கும் கதிரை (நாற்காலி) வேறோர் இடத்தில் இருந்தால், மக்கள் அதை விரைவில் புரிந்துகொண்டு அந்தக் கதிரைக்குப் பிடித்தமாதிரிப் பேசப் பழகிவிடுகிறார்கள். வெட்டுவதைவிட இது மோசம். வெட்டினால் வெட்டிய துண்டாவது மிஞ்சும்.

---

பழையஅறிவிப்பாளர்

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன் என்றாலும், ஓர் இடத்தில் தயங்குகிறேன். மக்களிடம் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எந்த மக்களிடம்? எங்கள் ஊரில் குழு அமைத்தபோது வந்து உட்கார்ந்தவர்கள் முன்னாள் ஊராட்சித் தலைவர், உரக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண்களுக்கான இடங்களில் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆள் கூட்டிச் செல்பவரும் அந்த ஊர்க்காரர்தானே. முன்கூட்டியே போட்டுக்காட்டும் கூட்டத்துக்கு அவரும் வந்து முன்வரிசையில் நின்றால் அந்த அம்மா என்ன சொல்வார்? கூலிப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பார்கள். பதிவேட்டில் அதுவும் பங்கேற்பாகத்தான் எழுதப்படும்.

ஆகவே முதல் கேட்பு, பேசியவரோடு தனியாக நடக்கட்டும். ஊரோடு கேட்பது அதற்குப் பிறகு, அவர் சம்மதித்தால் மட்டும். இன்னொன்று, 22 நிமிடத்தையும் அப்படியே போடுவதும் மரியாதை ஆகாது. கேட்பவருக்கும் நேரம் உண்டு; நல்ல தொகுப்பு பேசியவருக்குச் செய்கிற உதவி. அந்த மாணவர் 6 நிமிடமாக்கியது தவறில்லை, எந்த 6 நிமிடம் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

---

கழனிக்குரல்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் செய்துபார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றிருந்தேன்.

பழையஅறிவிப்பாளர் ஐயா சொன்னபடி முதலில் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் முழுப் பதிவையும் போட்டேன். மாணவரையும் அழைத்துப் போயிருந்தேன். ஒரு பாட்டை எடுத்துவிடச் சொன்னார். நாங்கள் மிகவும் அருமை என்று நினைத்த பாட்டு அது. அவருடைய ஊர்ப் பாட்டு இல்லையாம், ரேடியோக்காரர்கள் கேட்டதால் எங்கோ கேட்டதைப் பாடினாராம். இருமல் இருக்கட்டும், வயலில் நிற்கிறவளுக்கு இருமல் இல்லாமல் இருக்குமா என்றார். கூலிப் பேச்சில் ஆள் கூட்டுபவரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, பிடித்துக்கொள்ளும் தொகையை இருக்கவிடச் சொன்னார். மரக்கால் கதை மொத்தமும் வேண்டும் என்பதில் அசையவே இல்லை. இப்போது அது 9 நிமிடம் வருகிறது. மாணவர்தான் தொகுத்தார், ஆனால் திண்ணையிலேயே, அவர் சுட்டிக்காட்டச் சுட்டிக்காட்ட. ஒட்டுப் பொட்டுக்கு இன்னும் வேலை வரவில்லை, வாங்கிவைத்திருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. பெண்கள் நிகழ்ச்சியைக் காலை 11 மணிக்கு ஒலிபரப்புகிறோம். அந்த நேரத்தில் நாங்கள் சேற்றில் அல்லவா நிற்கிறோம், யாருக்காகப் போடுகிறீர்கள் என்று கூட இருந்த இன்னொருவர் கேட்டார். இரவு 8 மணிக்கு மாற்றக் குழுவில் தீர்மானம் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் இப்போது ஆன்மிகச் சொற்பொழிவு போகிறது, அதை வழங்குபவர் அறங்காவலர் ஒருவரின் உறவினர். விதிநூல் அவர்களிடம் ஒரு கேள்வி: ஒலிபரப்பு நேரத்தை மாற்றுவது உள்ளடக்கக் குழுவின் அதிகாரத்துக்குள் வருமா, அல்லது அது நிர்வாகத்தின் தனி முடிவா?